நவம்பரில் ஐஸ்லாந்து

ஐஸ்லாந்துக்குக் கூட்டம் போவது ஜூன், ஜூலையில். அப்போது நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், உள்நாட்டு மலைச்சாலைகள் திறந்திருக்கும், கடலோரப் பாறைகளில் பஃபின் பறவைகள் கூடு கட்டியிருக்கும். அறை வாடகையும் அதற்கேற்ப எகிறியிருக்கும். நானும் அக்காவும் போனது நவம்பர் நடுவில். ஸ்வீடனில் வேலை பார்க்கும் அக்கா மகன் அங்கே வந்து சேர்ந்துகொண்டான். மலைச்சாலைகளை அடைத்துவிட்டார்கள், பஃபின்கள் ஆகஸ்டிலேயே கடலுக்குப் போய்விட்டன. ஆனாலும் யாராவது கேட்டால் நவம்பரில் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நாட்டைச் சுற்றி வர நினைக்காதீர்கள். இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே தங்கி இருங்கள்.

முதலில் பகலைக் கணக்குப் போட வேண்டும். தலைநகர் ரெய்க்யாவிக் 64 டிகிரி வடக்கில் இருக்கிறது. நவம்பர் நடுவில் அங்கே சூரியன் உதிக்கவே காலை பத்து மணி ஆகிவிடும். மாலை நாலரைக்குள் இறங்கிவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டிப் போனால் பகல் நான்கு மணி நேரம்தான். பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரியை ஒரே நாளில் காட்டிவிட்டுக் கூட்டி வருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏரி தலைநகரிலிருந்து சுமார் 370 கி.மீ.; போக மட்டுமே ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதாவது பணம் கட்டி இருட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் வரும் அருவிகளையும் எரிமலைச் சரிவுகளையும் பாதிதான் பார்க்கலாம். நாங்கள் அதில் பாதி தூரத்தில் இருக்கும் வீக் என்ற சிற்றூரோடு நிறுத்திக்கொண்டு அங்கேயே அறை எடுத்தோம்.

குறுகிய பகலுக்கு ஒரு பெரிய பலன் உண்டு. சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. நண்பகலிலும் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். நம் ஊரில் கால் மணி நேரம் கிடைக்கும் சாயங்கால வெயில் அங்கே பகல் முழுக்க விழுகிறது. கறுப்பு மணலிலும் பாசி மூடிய எரிமலைப் பாறையிலும் அந்த மஞ்சள் வெளிச்சம் படுவதைக் கோடையில் போகிறவர்கள் இவ்வளவு நேரம் பார்க்க முடியாது. அதே வெயில் காரில் நேரே கண்ணில் குத்தும். குளிர்நாட்டுக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குளிரை எண்ணிப் பயப்படுகிறவர்கள் காற்றை எண்ணிப் பயப்படுவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் தொட்டுப் போவதால் ரெய்க்யாவிக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 0 டிகிரிதான். காஷ்மீருக்குப் போய்வந்தவர்கள் சமாளித்துவிடுவார்கள். காற்று அப்படியல்ல. அங்கே வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 20 என்று பார்த்ததும் சின்ன எண்ணாகத் தோன்றும். அது மணிக்கு 72 கி.மீ. 15-ஐத் தாண்டினாலே பழக்கமில்லாதவர்கள் காரை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஓர் அருவியின் அருகே வண்டியை நிறுத்தியதும் அக்கா மகன் சொன்னான்: "சித்தி, இருங்க. கதவை ஒரு கையால உள்ளேயே பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கொஞ்சங் கொஞ்சமாத் திறங்க." நான் இரண்டு விரல் இடைவெளி விட்டதும் காற்று உள்ளே புகுந்து கதவைப் பிடித்து இழுத்தது. தோளில் அந்த இழுப்பு இரவு வரைக்கும் தெரிந்தது. அங்கே காற்றில் கதவு பின்னால் மடங்கி உடைவது சாதாரணம். வாடகைக் காரின் காப்பீட்டில் பெரும்பாலும் அது சேராது. காற்று வரும் திசையைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் கதவு தானே சாத்திக்கொள்ளப் பார்க்கும், பிய்த்துக்கொண்டு போகாது.

அவன் பனிச்சாலையில் ஓட்டிப் பழகியவன் என்பதால்தான் கார் எடுத்தோம். வலது பக்கம் ஓட்டியும் பழக்கமில்லை, உறைந்த சாலையும் புதிது என்றால் தயவுசெய்து எடுக்காதீர்கள். தலைநகரிலிருந்து குல்ஃபாஸ் அருவிக்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஸ்ட்ரோக்கூர் ஊற்றுக்கும், 930-ல் நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிருக்கும் நவம்பரிலும் தினமும் சுற்றுலா பஸ் இருக்கிறது. எடுத்தே தீர வேண்டுமென்றால் ஆணி பதித்த டயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தினமும் காலையில் வானிலை வரைபடத்தையும் சாலை வரைபடத்தையும் பார்த்த பிறகே கிளம்புங்கள். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். நாங்கள் வீக்கில் இருந்த ஒரு நாள் ஆரஞ்சு வந்து நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள். விடுதிக்காரப் பெண்மணி, இன்று யாரும் எங்கும் போக முடியாது என்று சொல்லிவிட்டு ஆட்டிறைச்சி சூப் வைக்கப் போய்விட்டார். அறையையும் பயணச்சீட்டையும் ரத்து செய்யும் வசதியோடு எடுப்பது இதற்காகத்தான்.

வீக்குக்கு அருகில்தான் ரெய்னிஸ்ஃப்யாரா என்ற கறுப்பு மணல் கடற்கரை. அங்கே அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. அமைதியாக வந்துகொண்டிருக்கும்போதே ஒன்று மட்டும் பல மடங்கு மேலேறி வந்து ஆளை இழுத்துப் போகும். பலர் உயிரிழந்த இடம். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். அதை மதியுங்கள்; கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத கோட். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குடை ஒரு நிமிடம்கூட நிற்காது. ஷூவில் மாட்டும் இரும்பு முள் பட்டையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அக்காவின் முழங்கால் தப்பித்தது அதனால்தான்.

இனி நான் மிகவும் விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ்லாந்தில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் சூடாக்கியது, திறந்தவெளி, குளிர்காலம் முழுவதும் இயங்கும். பெரிய குளத்தின் ஓரமாகச் சின்னச் சின்ன வெந்நீர்த் தொட்டிகள். 38 டிகிரி, 40, 42 என்று எழுதி வைத்திருப்பார்கள். கட்டணமும் வெளிநாட்டவர் குவியும் ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்தில் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான்.

நம் பெண்கள் தயங்கும் இடம் குளியலறை. நீச்சலுடை அணியும் முன் துணியின்றி சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். குளத்தில் குளோரின் குறைவாகவே கலப்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உடம்பில் எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படமே இருக்கிறது. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீ போய்ட்டு வாடி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள். உள்ளே எழுபது வயதுப் பாட்டிகள் அவரவர் பாட்டில் பேசிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அக்காவும் வந்தாள். பல குளங்களில் கதவு வைத்த தனியறையும் இருக்கிறது; கேட்டால் காட்டுவார்கள். ஈரத்தோடு வெளியே ஓடி, உறைபனி படிந்த தரையைத் தாண்டித் தொட்டியில் கழுத்துவரை இறங்கியதும் தலைமுடி மட்டும் மேலே விறைத்து நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் நகராட்சி வரியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களோடு நிதானமாகப் பேசக் கிடைத்த இடம் அதுதான். இருட்டிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. நாலரைக்குச் சூரியன் போகும், நாங்கள் குளத்துக்குப் போவோம்.

அக்கா சைவம். விடுதி எடுக்கும்போதே அடுப்பு இருக்கும் அறையாகப் பார்த்ததால் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பாதி வேளையைப் பார்த்துக்கொண்டன. அரிசி அங்கேயே பல்பொருள் அங்காடியில் கிடைத்தது. ஸ்கீர் என்ற கெட்டித் தயிர் காலை வேளைக்குப் போதும். ஃப்ரிட்ஹெய்மர் என்ற தக்காளிப் பண்ணைக்கு ஒருநாள் மதியம் போனோம். வெளியே பனிக்காற்று, கண்ணாடிக் கூடத்துக்குள் வெந்நீர்க் குழாய்ச் சூட்டிலும் விளக்கு வெளிச்சத்திலும் கொடி கொடியாகத் தக்காளி. மகரந்தம் சேர்க்க வண்டுத்தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. கொடிகளுக்கு நடுவே மேசை போட்டுத் தக்காளி சூப்பும் ரொட்டியும் தருகிறார்கள். அந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பதை எந்த அருங்காட்சியகத்தையும்விட அந்த மதியச் சாப்பாடு எனக்குத் தெளிவாகச் சொன்னது.

நவம்பருக்கே உரிய இன்னொன்று புத்தகம். அந்த ஆண்டு வெளியாகும் நூல்களின் பட்டியலை வெளியிடும் மாதம் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மற்ற பொருள்களுக்குத் தட்டுப்பாடு இருந்தும் காகிதம் கிடைத்ததால் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் பரிசளிக்கும் பழக்கம் வேரூன்றியது. புத்தகக் கடைகளில் நிற்க இடமில்லை.

வடதுருவ ஒளிக்காகவே போகிறீர்கள் என்றால் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்; மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. வானிலைத் துறை மேக வரைபடம் வெளியிடுகிறது. அதில் வெள்ளையாக, அதாவது மேகமில்லாமல் காட்டும் பக்கம் போங்கள். சீக்கிரமே இருட்டிவிடுவதால் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் பார்த்தது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, வீக் தேவாலயத்துக்கு மேலே. முதலில் கோலமாவைக் காற்றில் ஊதியதுபோல வெளுப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் பச்சை ஏறி அசைய ஆரம்பித்தது. படங்களில் வரும் அடர்நிறம் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது.

விசா ஷெங்கன் விசாதான். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேறொரு நகரில் விமானம் மாற வேண்டியிருக்கும் என்பதால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். கெப்லாவிக் விமான நிலையத்தில் காற்று மிஞ்சினால் படிக்கட்டைக்கூட விமானத்தோடு சேர்க்க மாட்டார்கள். தரையிறங்கிய பயணிகளே மணிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்க நேரும். தனித்தனி டிக்கெட்டென்றால் தவறிய விமானத்தின் செலவு உங்கள் தலையில் விழும். கடைசி இரவை வீக்கில் வைத்துக்கொள்ளாமல் தலைநகருக்கோ கெப்லாவிக்குக்கோ வந்துவிடுங்கள்.