முழங்கையைக் காக்கும் முன்கை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் மனித எலும்புக்கூடு ஒன்று தொங்குகிறது. அதன் முழங்கையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருநாள் அக்கம்பி அறுந்து, முன்கை எலும்புகள் இரண்டும் தரையில் விழுந்தன. பொறுக்கிக் கொடுத்த என்னிடம் பேராசிரியர், "உன் கையில் இந்தக் கம்பி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "பிணைப்புநார், ஐயா" என்றேன். "பாதி மதிப்பெண்தான்" என்று சிரித்தார்.

மீதிப் பாதியைத் தேட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் தந்தை தேங்காய் உரிக்கும் தொழிலாளி. தரையில் நட்ட இரும்புப் பாரையில் காயை ஓங்கிக் குத்தி, முன்கையை முறுக்கி மட்டையைப் பிளக்க வேண்டும். காய்க் கணக்கில்தான் கூலி. நாளொன்றுக்கு ஆயிரம் காய்க்குக் குறையாமல் உரிப்பார். வலது முழங்கையின் வெளிப்பக்கம் அவருக்கு வலி கண்டபோது, "காலேஜ் படிக்கிறியே அம்மிணி, இது என்னன்னு சொல்லு" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "மூட்டு தேய்ந்திருக்கும், ஆட்டாமல் கட்டி வையுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவிழ்த்த பின் பாரைக்குப் போன முதல் நாளே வலி முன்னைவிட மிகுந்து திரும்பினார்.

முழங்கை உறுதியான மூட்டு என்பது உண்மையே. அல்னா எலும்பின் மேல்முனை ஒரு பிறைபோல் வளைந்து, மேற்கை எலும்பின் உருளையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் பிணைப்புநார்கள் எலும்பை எலும்போடு கட்டுகின்றன. பாடநூலில் படம் இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மேற்கை எலும்பின் கீழ்முனையில், உள்ளும் புறமும் இரண்டு முண்டுகள் உள்ளன, தடவினாலே தெரியும். மணிக்கட்டையும் விரல்களையும் அசைக்கும் தசைகள் பலவும் முன்கையிலிருந்தல்ல, இந்த முண்டுகளிலிருந்தே புறப்படுகின்றன. மடக்கும் தசைகள் உள்முண்டிலிருந்தும் நிமிர்த்தும் தசைகள் வெளிமுண்டிலிருந்தும் கிளம்பி, முழங்கையைக் கடந்துதான் கீழே இறங்குகின்றன. கடந்து செல்லும் தசை சுருங்கும்போது மூட்டின் எலும்புகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. நீர் நிறைந்த குடத்தைத் தூக்கினால் அதன் பாரம் முன்கையை மூட்டிலிருந்து பிரித்து இழுக்கப் பார்க்கிறது; குடத்தின் கழுத்தைப் பிடித்த அந்தப் பிடியே முழங்கையையும் சேர்த்து இறுக்குகிறது! மேற்கைத் தசைகளும் இதில் துணை நிற்கின்றன. அவை எல்லோரும் அறிந்தவை.

நண்பர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வலது முழங்கையின் வெளிமுண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இடக்கை விரல்களை வைத்துக்கொண்டு வலக்கையை இறுக மூடுங்கள். விரலின் கீழ் ஒரு தசை கல்லாகும். கையை மூடுவதற்கு நிமிர்த்தும் தசை ஏன் உழைக்கிறது? விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கிவிடும். மணிக்கட்டு மடங்கினால் பிடி தளர்ந்துவிடும். (முழுதும் மடக்கிய கையில் ஒரு பென்சிலைப் பிடியுங்கள், பக்கத்தில் இருப்பவர் எளிதாக உருவிவிடுவார்.) அதனால் வெளிப்பக்கத் தசைகள் ஒவ்வொரு பிடியிலும் எதிர்த்து இழுத்து நிற்கின்றன.

உட்பக்கத் தசைகளின் வலிமையைப் பேஸ்பால் ஆட்டக்காரர்களிடம் அளந்திருக்கிறார்கள். பந்தை வீசும் கணத்தில் முழங்கையை உட்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். இறந்தோர் உடலில் எடுத்த உட்புறப் பிணைப்புநாரோ 30க்குச் சற்று மேலேயே அறுந்துவிடுகிறது. ஆயினும் ஒவ்வொரு வீச்சிலும் நார் அறுவதில்லையே! மீதிப் பளுவை எலும்பின் கவ்வலும், நாருக்கு நேர் மேலே படிந்திருக்கும் மடக்கும் தசைகளும் தாங்குகின்றன. தசை களைத்தால் பளு நார்மேல் சாய்கிறது. டாமி ஜான் என்ற இடக்கை ஆட்டக்காரருக்கு அந்த நார் அறுந்தபோது, 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அவ்விடத்தில் பொருத்தினார். 1976இல் களம் திரும்பிய ஜான் 1989 வரை ஆடினார். பெருவிரலும் சுண்டுவிரலும் தொட, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் கயிறுபோல் எழும்புவது அந்தத் தசைநாண்தான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அதனால் பிடியில் பெருங்குறை ஒன்றும் வராது. (எங்கள் வகுப்பில் இல்லாத இருவர் சில நாள் கவலைப்பட்டுவிட்டுப் பிறகு பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.)

இவ்வளவும் படித்த பிறகே தந்தையின் வலி மூட்டில் இல்லை என்று எனக்கு விளங்கிற்று. அரசு மருத்துவமனை மருத்துவரும் அதையே சொன்னார். வெளிமுண்டில் தசைநாண் ஒட்டும் இடம், இடைவிடாத பிடியிலும் முறுக்கிலும் நைந்திருக்கிறது. டென்னிஸ் எல்போ என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பாராதவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்குமாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் போட்டுக்கொள்ளாதவர்களே மேலான நிலையில் இருக்கிறார்களாம். முழு ஓய்வும் மருந்தன்று. கட்டிப்போட்ட தசை மெலிகிறது. மெலிந்த தசையோடு பழைய பளுவுக்குத் திரும்பினால் தசைநாண் இன்னும் நைகிறது. நான் செய்வித்தது அதுதான். பளுவைக் குறைத்து, தசையைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

இப்போது மாலையில் தந்தை திண்ணையில் அமர்ந்து, முன்கையை முழங்கால்மேல் வைத்து, அரைப் பாட்டில் தண்ணீரைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழிறக்குகிறார். மேலே தூக்கிவிட இடக்கை உதவும். பதினைந்து முறை, மூன்று சுற்று. முதல் வாரம், "காயையே உரிச்ச கை, பாட்டிலை ஆட்டுது பாரு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். எண்ணுவது என் வேலை. மூன்றாம் மாதம் நடக்கிறது. டீ டம்ளரை வலக்கையால் தூக்குகிறார். பாரையில் ஐந்நூறு காய்க்குமேல் வேண்டாம் என்பதில் மட்டும் இன்னும் எங்களுக்குள் சண்டை, கூலி பாதியாகிறதே. நேற்று அறுநூற்று இருபது உரித்துவிட்டு, ஐந்நூறு என்றுதான் என்னிடம் சொன்னார். உடன் உரிப்பவர் வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.