படுக்கை பறிக்கும் பலம்: மருத்துவமனையில் முதியோரின் தசை நலம்

நுரையீரல் அழற்சி கண்ட முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். பத்து நாட்களில் காய்ச்சல் தணிகிறது, சளியும் குறைகிறது. ஆயினும், தாமே நடந்து சென்று வார்டில் சேர்ந்த அவருக்கு, வீடு திரும்பும்போது கழிவறைக்குச் செல்லவும் பிறர் தோள் தேவைப்படுகிறது. “வயதாகிவிட்டது, நோயும் வாட்டிவிட்டது” என்று நாம் கூறிக்கொள்கிறோம். நோயும் வயதும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. அசையாது படுத்திருந்த நாட்களும் ஒரு முக்கிய காரணமாகும்.

தசை தேய்வது எவ்வாறு?

நம் உடலில் தசை நாள்தோறும் சிதைந்து, நாள்தோறும் புதிதாக ஆக்கப்படுகிறது. உழைப்பும் உணவிலுள்ள புரதமும் இந்த ஆக்க வேலையைத் தூண்டுகின்றன. படுத்தே இருந்தால் ஆக்கம் குறைகிறது, சிதைவு மிஞ்சுகிறது. நோய்க் காலத்தில் பசியும் குன்றுகிறது. கிருமிகளோடு போராடும் உடல், தனக்கு வேண்டிய புரதத்தைத் தன் தசையிலிருந்தே எடுத்துச் செலவிடுகிறது. ஆகவே தசைக்கு மூன்று பக்கமும் இழப்புத்தான்.

இளைஞர் இவ்விழப்பை விரைவில் ஈடுசெய்துவிடுவர். முதியோருக்கோ கையிருப்பே குறைவு. நாற்பது ஆண்டுகள் நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளி சுமந்த கால்களும் இதற்கு விலக்கல்ல. தசையின் பலம் பயன்படுத்தும் வரையில்தான் நிலைக்கும்.

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் நடைபெற்று 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. சராசரி வயது 67 உடைய, நோயேதுமில்லாத 12 பேர் 10 நாட்கள் படுக்கையில் இருந்தனர். அதற்குள் அவர்தம் கால்களில் ஏறக்குறைய 1 கிலோகிராம் தசை குறைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை சுமார் 16 விழுக்காடு தளர்ந்தது. நலமாயிருந்தோர்க்கே இந்நிலை என்றால், நோயுற்றோர் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒகாயோ மாநிலத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளிடையே செய்யப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், படுக்கையை விட்டு எழுதல், கழிவறை செல்லுதல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் முன்போல் தாமே செய்ய இயலாத நிலையில், மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் வீடு திரும்பினர்.

தடுக்க வழியுண்டு

ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகர மருத்துவமனையில் 370 முதிய நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 87. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சையோடு, காலையும் மாலையும் அவரவர் நிலைக்கேற்ற எளிய உடற்பயிற்சி சில நாட்கள் அளிக்கப்பட்டது. பயிற்சி பெறாதோர் தளர்ந்தபோது, பயிற்சி பெற்றோர் அன்றாடச் செயல்களில் தம் திறனைக் காத்துக்கொண்டனர்.

உறவினர் செய்யத் தக்கவை

1. “எங்கள் தந்தையார் எழுந்து உட்காரலாமா? நடக்கலாமா? எவ்வளவு தூரம்?” என்று மருத்துவரிடமோ தாதியரிடமோ நாள்தோறும் கேளுங்கள். எழக் கூடாத நோய்களும் உண்டு. ஆதலின் அனுமதியின்றி எவரையும் எழுப்பலாகாது.

2. அனுமதி கிடைத்ததும், உணவு வேளைகளில் அவரை நாற்காலியில் அமர்த்துங்கள். துணையோடு கழிவறைக்கு நடக்கச் செய்யுங்கள்.

3. படுக்கையிலிருந்து திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். முதலில் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் அமரட்டும், பின்னர் எழட்டும்.

4. எழ இயலாதவர், மருத்துவர் தடுக்காவிடில், படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். முழங்காலை மடக்கி நீட்டலாம்.

5. மூக்குக் கண்ணாடி, பல் செட்டு, வழுக்காத காலணி ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டு செல்லுங்கள். கண் தெரியாமல் நடக்க அஞ்சுவோரும், மெல்ல முடியாமல் உணவைத் தள்ளுவோரும் பலர்.

6. வெறுங் கஞ்சி மட்டும் போதாது. முட்டை, மீன், கோழியிறைச்சி, பருப்பு, பால் போன்ற புரத உணவு தேவை. சிறுநீரக நோயும் நீரிழிவும் உள்ளவர்க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முதலில் கேட்டறிக.

அன்பின் பெயரால் செய்யும் தவறு

நோயாளியைக் காணச் செல்லும் நாம், “அசையாமல் படுத்திருங்கள் அம்மா” என்று சொல்லி, உணவையும் நாமே ஊட்டிவிடுகிறோம். அன்பினால் செய்வதே எனினும், அவர் கையால் உண்ணக் கூடியவராயின் உண்ண விடுவதே நன்று. தாமே தலைவாரிக் கொள்வதும், உடுத்திக் கொள்வதும் அவருக்குப் பயிற்சியே.

வீடு திரும்பிய பின்னரும் இம்முயற்சி தொடர வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், வீட்டு வாசலில் சிறிது நடத்தல் ஆகியவற்றை மருத்துவர் கூறும் அளவில் நாளுக்கு நாள் கூட்டுக. பத்து நாளில் இழந்த பலத்தை மீட்கப் பல வாரங்கள் ஆகலாம், மனந்தளர வேண்டியதில்லை.

ஓய்வும் ஒரு மருந்தே. எம்மருந்தையும் போல அதற்கும் அளவுண்டு. முதியோரின் நோயைத் தீர்ப்பது மருத்துவரின் பணி. அவர்களைத் தம் சொந்தக் கால்களில் வீடு திரும்பச் செய்வதில் நமக்கும் பங்குண்டு என்பதனை உணர்ந்து செயற்படுவோமாக.