அகாடமி மாறப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

விடுமுறையில் வேறொரு ஜியு-ஜிட்சு அகாடமிக்குப் போய் இரண்டு ரவுண்டு ரோல் (பயிற்சி மோதல்) செய்துவிட்டு வந்தாய். அதற்காகச் சொந்த அகாடமியில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது கட்டியிருக்கும் நீல பெல்ட்டையே அவிழ்த்து வைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அவிழ்க்க வேண்டாம். இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஜப்பானிய ஜூடோ வீரர் மித்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி 1925-இல் ரியோ டி ஜெனிரோவில் அகாடமி திறந்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஜியு-ஜிட்சு பெருமளவு ஒரு குடும்பத்தின் தொழிலாகவே இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே அந்தக் குடும்பம் பெயர் சம்பாதித்தது. அப்படிப்பட்ட இடத்தில் நுணுக்கம் என்பது கடையின் சரக்கு. சரக்கு எதிர்க்கடைக்குப் போனால் முதலாளிக்குப் பொறுக்குமா? கார்லோஸின் மூத்த மகன் கார்ல்சன் கிரேசி கோப்பகபானாவில் ஒரு பெரும் படையையே வளர்த்தெடுத்தார். 2000-ஆம் ஆண்டில் அவருடைய முன்னணி மாணவர்கள் சிலர் பிரிந்துபோய் ‘பிரேசிலியன் டாப் டீம்’ தொடங்கினார்கள். அணி மாறுகிறவர்களைத் திட்டுவதற்கு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த கட்சி மாறும் பாத்திரத்தின் பெயரை அவர் வசவாக்கியிருந்தார். அந்த வசவு இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. உன் மீது விழுந்ததும் அதன் தூரத்து உறவுதான்.

குத்துச்சண்டை உலகில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டைசன் ஃபியூரி 2019 டிசம்பரில் பயிற்சியாளர் பென் டேவிசனை விட்டு சுகர்ஹில் ஸ்டீவர்டிடம் போனார். 2020 பிப்ரவரியில் டியோன்டே வைல்டரை ஏழாவது ரவுண்டில் முடித்தார். துரோகி என்று யாரும் சொல்லவில்லை. சரியான முடிவு என்றார்கள். அங்கே பெல்ட் என்றால் சாம்பியனுக்குக் கிடைப்பது, ஆசிரியர் கட்டிவிடுவதல்ல. ஒருவர் தரம் என்ன என்பதை அவருடைய வெற்றி தோல்விக் கணக்கே சொல்லிவிடும். ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட்டுக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும், அதைத் தரும் கை ஒரே கை. விசுவாசம் இவ்வளவு கனப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த விசுவாசத்துக்கு இந்தக் கலை கொடுத்த விலையைப் பார்: வெளியிலிருந்து வந்த ஒரு நுணுக்கத்தையே ஒதுக்கிவைத்தது.

ரியோவின் புறநகரான பென்டோ ரிபெய்ரோவில் ஓஸ்வால்டோ ஃபத்தா என்றொரு ஆசிரியர் இருந்தார். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 1950-களில் கிரேசி அகாடமிக்குச் சவால் விட்டு, அவர்கள் இடத்துக்கே மாணவர்களை அழைத்துப்போனார். ஃபத்தாவின் பையன்கள் காலைப் பிடித்து, கணுக்காலை மடக்கி, வென்றுவிட்டுத் திரும்பினார்கள். தோற்ற தரப்பிலிருந்து வந்த ஏளனம், இதெல்லாம் செருப்புத் தைக்கிறவன் வேலை என்பது. (ஒரு தொழிலின் பெயரையே வசவாக்கும் வழக்கம் நமக்கும் நன்றாகத் தெரியும்.) ஏளனம் விதியைப் போலவே வேலை செய்தது. காலைப் பிடிப்பது மட்டமான ஆட்டம் என்ற எண்ணம் தலைமுறை தாண்டியும் நின்றது.

அதை உடைத்தவர் நியூசிலாந்திலிருந்து தத்துவம் படிக்க நியூயார்க் வந்த ஜான் டனஹர். மனித உடம்பில் பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று டீன் லிஸ்டர் என்ற வீரர் ஒருநாள் அவரிடம் கேட்டாராம். மன்ஹாட்டனில் ரென்சோ கிரேசியின் அகாடமி அடித்தளத்தில், அதாவது ஒரு கிரேசியின் கூரைக்குக் கீழேயே, டனஹர் கால் பூட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பெயர்பெற்ற வீரர்கள் கேரி டோனனும் கார்டன் ரயனும் அங்கிருந்து வந்தவர்கள். கடைசியில் 2021-இல், சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்கூட கீ உடை இல்லாத பிரிவில் பழுப்பு, கறுப்பு பெல்ட்காரர்களுக்கு ஹீல் ஹுக்கை அனுமதித்தது. ஜூடோ இதற்கு நேரெதிர்த் திசையில் போனது: கையால் காலைப் பிடித்து எறிவதற்கு 2010-இல் கட்டுப்பாடு, 2013-இல் முழுத்தடை. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டில் ஒன்று கதவைச் சாத்த, மற்றொன்று திறந்தது.

திறந்ததால் உனக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. ஆர்ம்பாரில் கை நீளும்போதே வலி எச்சரிக்கும். ஹீல் ஹுக்கில் உன் குதிகால் எதிராளியின் முழங்கை மடிப்பில் அகப்பட்டிருக்கும், தொடை அவர் கால்களுக்கு நடுவே கட்டுண்டிருக்கும். அவர் இடுப்பைத் திருப்பினால் பாதம் திரும்பும், முழங்கால் திரும்ப முடியாது. முழங்கால் ஜவ்வு போன பிறகுதான் பல சமயம் வலி வரும். ஆகவே குதிகால் மாட்டியதும் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிடு. கௌரவத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இந்தக் கலையின் அசல் சொத்து. குத்துச்சண்டைக்காரர் தினமும் முழு வேகத்தில் ஸ்பாரிங் செய்தால் மூளை தாங்காது. அடிக்கடி மேடையேறும் தாய்லாந்தின் முவே தாய் வீரர்கள் பயிற்சியில் பெரும்பாலும் விளையாட்டாகத்தான் உதைத்துக்கொள்கிறார்கள். நீ மட்டும், வாரத்தில் நான்கு நாள், உன்னை நிஜமாகவே அடக்கப் பார்க்கும் ஒருவருடன் முழு பலத்தோடு மோதிவிட்டு மறுநாள் வேலைக்கும் போக முடிகிறது. பெல்ட் சடங்கு, குடும்பக் கொடி, வரிசையில் நின்று வணங்குவது எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். அவற்றில் பிடித்ததை வைத்துக்கொள், பிடிக்காததை விடு.

மெச்ச வேண்டிய இன்னொரு விதி: ஐபிஜேஜேஎஃப் போட்டிகளில் முதல் மோதலுக்குச் சற்று முன்புதான், கீ உடையோடு, எடை பார்ப்பார்கள். பட்டினி கிடந்து உடம்பை வற்றவைத்தால் அதே உடம்போடு உடனே மேட்டில் (விரிப்பில்) இறங்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிப் போட்டி நாளன்று காலை 100 கிராம் கூடியதால் வினேஷ் போகாட் வெளியேற்றப்பட்டது உனக்கு மறந்திருக்காது. முதல் நாள் எடைக்காக இறக்கி, ஏற்றி, மறுபடி ஓரிரவில் இறக்கப் பார்க்கும் அந்தக் கொடுமை இந்த ஏற்பாட்டில் நடக்க வழியில்லை.

பணம் வேறு கதை. 2024 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஏடிசிசி என்ற கிராப்பிளிங் போட்டி நடந்த அதே வார இறுதியில், கிரெய்க் ஜோன்ஸ் என்ற வீரர் தனிப் போட்டி வைத்தார். ஏடிசிசி ஆண்கள் சாம்பியனுக்கு 10,000 டாலர். ஜோன்ஸ் தன் களத்தில் இறங்குகிறவருக்கே 10,001 டாலர் என்றார். வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர். வேடிக்கையான குத்தல்தான், ஆனால் வீரர்களின் விலையை ஒரே நாளில் மாற்றியது. குறை என்னவென்றால், பத்து லட்சத்துக்கான இரண்டு பிரிவுகளும் ஆண்களுக்கே. பெண்களுக்குக் கிடைத்தது தனி மோதல்கள்தான். அதே நாட்களில் ஏடிசிசியில் ஆஸ்திரேலியாவின் அடெல் ஃபோர்னரினோ 55 கிலோ பிரிவை வென்று, எடை பாராத பிரிவையும் வென்றார். சிறியவர் பெரியவரை அடக்கலாம் என்று கிரேசிகள் விளம்பரப்படுத்தியதை, பரிசுப் பணம் குறைந்த மேட்டில் ஒரு பெண் செய்துகாட்டினார்.

அகாடமி மாறுவதென்றால் மாறு. புது இடத்தில் பெல்ட்டின் நிறத்தைப் பார்க்காதே, மேட்டைப் பார். புதிதாக வந்தவரோடு கறுப்பு பெல்ட்காரர் எப்படி ரோல் செய்கிறார்? தலைமை ஆசிரியரே தட்டுவதுண்டா? ஒருவரோடு ரோல் செய்ய வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் காரணம் கேட்காமல் விடுகிறார்களா? ‘ஆசானிடம் கேள்வி கேட்கக் கூடாது’ என்ற பேச்சு காதில் விழுந்தால் அங்கே சேராதே. ஆசிரியர்கள் மீதான பாலியல் புகார்கள் இந்தக் கலையில் பல நாடுகளிலும் வந்திருக்கின்றன. அவற்றை நெடுநாள் மூடிவைத்ததில் அந்தப் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு.

பழைய ஆசிரியரிடம் வாட்ஸாப்பில் சொல்லாதே. நேரில் போ, மாதக் கட்டணம் பாக்கியிருந்தால் கட்டு, கற்றுக்கொடுத்ததற்கு நன்றி சொல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உன் தரப்பில் குறை இருக்காது. நீ எழுதியிருந்த அந்த முழங்கால் வீக்கம் முழுதும் வடிந்த பிறகே புது இடத்தில் முதல் வகுப்புக்குப் போ.

அன்புடன்,
அக்கா