நாடித்துடிப்பு ஐம்பது – லோடு டெஸ்பாட்ச் பற்றி ஒரு பாடம்



கரண்ட் போனால் நாம் முதலில் என்ன செய்வோம்? வெளியே எட்டிப் பார்ப்போம். பக்கத்துத் தெருவிலும் இல்லை என்று தெரிந்தால் மனசுக்கு ஒரு ஆறுதல். அடுத்ததாக இ.பி.க்காரரை நாலு வார்த்தை திட்டுவோம். அந்த நாலு வார்த்தை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விசாரிப்பதுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். ஃபார்முலா ஒன்றே ஒன்றுதான் வரும்.

ரேஷன் கடை அரிசி மாதிரி மின்சாரத்தைக் கிட்டங்கியில் அடுக்கி வைத்து, கேட்கும்போது அளந்து போட முடியாது. பேட்டரியும் நீரேற்று நிலையமும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிரிட்டின் கம்பிகளுக்குள் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஒரு அம்மா கிரைண்டரைப் போட்டால், அதே நொடியில் நெய்வேலியிலோ தூத்துக்குடியிலோ சுற்றும் டர்பைன்கள் அந்தப் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். நீராவி கூடுவதற்கு முன்பே பாரம் ஏறிவிடும். அந்த இடைவெளியில் ரோட்டரின் சுழற்சியில் இருக்கும் ஆற்றல்தான் கைகொடுக்கிறது. அதனால் வேகம் ஒரு துளி குறைகிறது. N = 120f/P என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதன்படி வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். இரண்டு போல் மெஷினுக்கு 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்று. 48 ஹெர்ட்ஸில் 2880.

ஒரு கிரைண்டருக்கு மீட்டர் முள் அசையாது. லட்சம் வீட்டில் ஒரே நேரத்தில் போட்டால் அசையும். உற்பத்தி குறைவா, தேவை குறைவா என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடுவதால்தான் அதிர்வெண்ணைக் கிரிட்டின் நாடித்துடிப்பு என்கிறார்கள்.

துடிப்பு குறைந்தால் முதல் வைத்தியர் கவர்னர். 5 சதவீத ட்ரூப் என்று பரீட்சையில் எழுதுகிறோம். அதை மேட்டூர் அனலின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றுக்குப் போட்டுப் பாருங்கள். 50-இல் 5 சதவீதம் 2.5 ஹெர்ட்ஸ். அவ்வளவு குறைந்தால் முழு 210-ஐயும் தர வேண்டும் என்று அர்த்தம். 0.25 ஹெர்ட்ஸ் குறைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, 21 மெகாவாட். மனுஷன் கை வைக்காமலே வால்வு திறந்து இதைக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: யூனிட்டில் அந்த 21 மிச்சம் இருக்க வேண்டும். ஏற்கெனவே முழுசாகத் திறந்து கிடக்கும் வால்வை இன்னும் எப்படித் திறப்பது?

1990-களில் நம் தென் மண்டல கிரிட்டின் வியாதி இதுதான். தேவை அதிகம், உற்பத்தி போதவில்லை. மணிக்கணக்கில் 48 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ஓடியது. “ரெண்டு ஹெர்ட்ஸ்தானே குறைவு, ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்தும், அவ்வளவுதானே?” என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப்பும் அதே கரண்டில் ஓடுகிற மோட்டாரால் சுற்றினால், அதன் வேகமும் 4 சதவீதம் குறையும். பம்ப்பின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று ஹைட்ராலிக்ஸில் படித்தோம். 0.96-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 0.92, ஆக அழுத்தம் 8 சதவீதம் போச்சு. பாய்லருக்குத் தண்ணீர் திணறினால் நீராவி குறையும், உற்பத்தி குறையும், அதிர்வெண் இன்னும் இறங்கும். பள்ளத்தில் உருளும் டயர் மாதிரி. அதற்கு மேலே டர்பைனின் கடைசி வரிசை பிளேடுகள் தங்கள் இயல்பு அதிர்வுக்கு அருகே போய் விரிசல் விடும் பயம். அதனால் ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மீதி மெஷின்களுக்குப் பாரம் கூடும், அடுத்ததும் கழலும். சில நொடிகளில் முழு மண்டலமும் இருட்டு.

இந்தப் பள்ளத்தில் விழாமல் பார்ப்பவர்கள்தான் லோடு டெஸ்பாட்ச் ஆட்கள். நம் மாநிலத்துக்கான மையம் சென்னை அண்ணா சாலையில், மின்வாரியத் தலைமை அலுவலக வளாகத்தில் இருக்கிறது. தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்குமான மண்டல மையம் பெங்களூரில். ஒரு நாளை 15 நிமிஷமாக 96 துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த நிலையம் எவ்வளவு தரும், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும் என்று முன்கூட்டியே அட்டவணை எழுதுகிறார்கள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள் இரவு பகல் ஒரே சீராக ஓடும். மலிவான அனல் அடுத்து, விலை அதிகமானது கடைசியில். நீர்மின் நிலையம் சில நிமிஷங்களில் முழு வேகம் எடுக்கும் என்பதால் அதைச் சாயங்கால உச்ச நேரத்துக்கு வைத்திருப்பார்கள். ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவார்கள்.

அட்டவணை எழுதுவது பாதி வேலை. முப்பந்தல் கணவாயில் காற்று நினைத்தபோது அடிக்கும், நினைத்தபோது நிற்கும். சூரியனோ சாயங்காலம் ஆறரைக்கு, வீட்டு விளக்கெல்லாம் எரியத் தொடங்கும் நேரம் பார்த்து ‘ஷிப்ட்’ முடித்துவிட்டுக் கிளம்பிவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்வளவு பெரிய பாரத்தை 15 நிமிஷத் துண்டுகளில் அளந்து கொடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால்? சில ஃபீடர்களைத் திறக்க வேண்டியதுதான். அதன் பெயர்தான் லோடு ஷெட்டிங். சப்-ஸ்டேஷன் ஆபரேட்டருக்கு போன் வரும். அவர் பிரேக்கரைத் திறப்பார். நாம் அவரைத் திட்டுவோம்.

திறக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூலை சாட்சி. ஒரு மண்டலத்துக்கு அட்டவணையை மீறி மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்ன பேச்சு போதிய அளவு எடுபடவில்லை. ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு பீனா – குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனது. அந்த லைனில் ஃபால்ட் எதுவும் இல்லை. பாரம் மிதமிஞ்சியதால் டிஸ்டன்ஸ் ரிலே அதை ஃபால்ட் என்று எடுத்துக்கொண்டது. வட மண்டலம் முழுக்க இருட்டு. மறுநாள் மதியம் ஒரு மணி வாக்கில் மறுபடியும் அதே கதை. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. ஏறக்குறைய 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு! ரயில் நடுவழியில் நின்றது, சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நாம் தப்பித்தோம். தென் மண்டலம் அன்று மற்றவற்றோடு ஏ.சி. லைனில் இணையவில்லை, தால்ச்சர் – கோலார் போன்ற டி.சி. இணைப்புகள் மட்டுமே. டி.சி. வழியே மின்சாரம் வரும், அதிர்வெண் வியாதி தொற்றாது. ஆனாலும் கிழக்கிலிருந்து வந்த மின்சாரம் சட்டென்று நின்றபோது நம் அதிர்வெண்ணும் சரிந்தது. அண்டர் ஃப்ரீக்குவென்சி ரிலேக்கள் தாமாகவே கொஞ்சம் லோடைக் கழற்றின. அந்தக் கொஞ்சம் பேர் இருட்டில் இருந்ததால்தான் மீதிப் பேருக்கு வெளிச்சம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் நாமும் ஒரே நாட்டுக் கிரிட்டில் சேர்ந்துவிட்டோம். இப்போது உதவியும் பொது, ஆபத்தும் பொது.

ஆனால் ‘யாரை இருட்டில் விடுவது’ என்பது வெறும் இன்ஜினியரிங் கேள்வி இல்லை. 2012 பிப்ரவரி கடைசியில் இருந்து சென்னைக்கு மின்வெட்டு இரண்டு மணி நேரம். கோட்டூர்புரத்தில் அதற்கே நாம் அலுத்துக்கொண்டோம். அதே வருஷம் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேலும் போனது. நம் ஹாஸ்டல் நண்பர்களில் கோயம்புத்தூர், திருநெல்வேலிக்காரர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். விசைத்தறி நின்ற வீடும் சீரியல் நின்ற வீடும் மெகாவாட் கணக்கில் ஒன்றாகத் தெரியலாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றில்லை. எந்த ஃபீடர், எத்தனை மணி நேரம் என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாரம் திடீரென்று குறைந்தாலும் தலைவலிதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, பில்லர் பாக்ஸ்கள் முங்கிய இடங்களில் உயிர்ப்பலி ஆகக்கூடாதென்று சப்ளையை நிறுத்தினார்கள். லோடு இல்லாத நீண்ட லைனில் வோல்டேஜ் ஏறும்; நாம் படித்த ஃபெரான்டி எஃபெக்ட் அதுதான். அப்போது ரியாக்டரைச் சேர்க்க வேண்டும், உற்பத்தியை இறக்க வேண்டும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே ஒன்பது நிமிஷம் விளக்கணைத்தபோது தேவை 31,089 மெகாவாட் சரிந்தது. முன்கூட்டியே தயாராக வைத்திருந்த நீர்மின் நிலையங்களை 17,500 மெகாவாட் அளவுக்கு இறக்கி, விளக்கு எரிந்ததும் திரும்ப ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது.

நீங்களும் இந்த நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். ஹெர்ட்ஸ் ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர் ஒன்றை மெஷின்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டர் கிட்ட கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே சப்ளையில் இணைத்து, சாயங்காலம் ஐந்தே முக்காலில் இருந்து ஏழரை வரை நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் ஷீட்டில் வரையுங்கள். கால் மணி நேரத் துண்டு மாறும் இடங்களை, முக்கியமாக ஆறு மணி, ஏழு மணி முனைகளைக் கவனியுங்கள். அட்டவணை மாறும் அந்த நொடிகளில் கோடு துள்ளுகிறதா பாருங்கள்.