பழைய பாய்மரப் படகு: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி: ஐயா, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கிறேன். 1974-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார் படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, சார்ட் பிளாட்டர், புது மெத்தை எல்லாவற்றையும் நானே பொருத்தி, அடுத்த கோடையில் மனைவி, மகளோடு பிரான்சின் ஷெர்பூர் வரை போய்வர ஆசை. கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கட்டும்?
(வாசகர், சவுத்தாம்ப்டன்)

பதில்: நல்ல படகைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேற்பட்ட சென்டார்கள் கட்டப்பட்டன. 26 அடி நீளம், மூன்றடி ஆழமிருந்தாலே மிதக்கும், அடியில் கீல் எனப்படும் கனத்த தகடு ஒன்றுக்கு இரண்டாக இருப்பதால் கடல் வற்றும்போது சேற்றில் சாயாமல் நிற்கும். அந்தக் காலத்துக் கட்டுநர்கள் ஃபைபர்கிளாஸைத் தாராளமாக வைத்தார்கள். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் இவை ஓடுகின்றன.

ஆனால் நீங்கள் எழுதிய பட்டியலில் படகை மிதக்க வைக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூர் ஏறத்தாழ 60 கடல் மைல். உங்கள் படகின் வேகத்துக்கு அது ஒரு முழுப் பகல், அதுவும் பெரிய கப்பல்கள் போகும் பாதையைக் குறுக்கே கடந்து. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, பாய்மரம் விழக்கூடாது, சுக்கான் கைவிடக்கூடாது. இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் மெத்தை.

முதலில் சீகாக் எனப்படும் அடிவால்வுகள். கழிப்பறைக்கும், கழுவுதொட்டிக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீருக்கும் படகின் அடியில் துளை போட்டு வால்வு வைத்திருப்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். கையால் அடிக்கும் பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. பல படகுகளில் இருப்பது சாதாரணப் பித்தளை வால்வு. கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. வெளிப்பார்வைக்கு வால்வு முழுசாகவே இருக்கும், ஓங்கித் தட்டினால் உதிரும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெண்கலமோ, கண்ணாடி இழை கலந்த நைலானோ வாங்குங்கள். ஐரோப்பியத் தரவிதி இந்தப் பொருத்துகளிடம் கேட்பது ஐந்தாண்டு அரிப்புத் தாங்கும் திறனை மட்டுமே, ஆகவே ‘தரச்சான்று பெற்றது’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை அடைப்பானைக் கயிற்றில் கட்டி வையுங்கள். செலவு சில்லறைதான்.

அடுத்து கீல். சென்டாருக்கு இது தெரிந்த பலவீனம். கீல்கள் பொருந்தும் இடத்தில் படகின் உடல் வளைந்துகொடுக்கும், நாளடைவில் விரிசல் விடும். கரையேற்றும்போது கிரேன் பட்டையில் தொங்கும் படகின் அடியில் போகாமல், பக்கவாட்டில் நின்று கீல்களைக் கவனியுங்கள். அசைவோ, இணைப்பில் துருநீர்க் கசிவோ, உள்ளே மயிரிழை வெடிப்போ தென்பட்டால் உள்ளே குறுக்குவாட்டில் ஃபைபர்கிளாஸ் விலாக்கள் வைத்து வலுவூட்ட வேண்டும். முன்னைய உரிமையாளர் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பல சென்டார்களில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. கீல் விஷயத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து உங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற படகு நடு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. அது உங்கள் படகைவிட எவ்வளவோ இளையது.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிவடங்களின் வயது தெரியாவிட்டால் புதிதாகவே போடுங்கள். காப்பீட்டுக்காரர்களும் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறார்கள். வடம் முடியும் இடத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த வடம் போய்விட்டது என்றே கொள்ளுங்கள். வடத்தைப் படகோடு பிணைக்கும் தகடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு காற்றுப் படாத ஈர இடுக்கில்தான் அரிக்கும், மேல்தளத்துக்குள் புதைந்த பகுதி கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சினுக்கு ஆண்டுதோறும் குளிர்நீர்ப் பம்புக்குப் புது இம்பெல்லர், புது டீசல் ஃபில்டர். டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும், அதுவும் அலை கலக்கும் நேரத்தில்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் பிரித்துப் போடாதீர்கள். இங்கிலாந்தின் படகுத் துறைகளில் ஆண்டுக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும் படகுகளில் பல அப்படிப் பிரிக்கப்பட்டவையே. குளிர்காலத்துக்கு ஒரு வேலை, கோடை முழுக்கப் பயணம் என்று வைத்துக்கொண்டால் படகும் நிற்காது, உங்கள் ஆசையும் ஆறாது. ஷெர்பூரை அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தால் தவறில்லை. வரும் கோடையில் சோலண்ட் நீரிணைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள்.

கேள்வி: 1978-ஆம் ஆண்டுப் படகு. கரையேற்றிக் கழுவியதும் அடிப்பக்கம் முழுக்கச் சிறு கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினால் புளித்த வாடையில் நீர் வருகிறது. படகை விற்றுவிடலாமா?
(வாசகி, பிளிமத்)

பதில்: வேண்டாம். அது ஆஸ்மோசிஸ். மேல்பூச்சின் வழியே ஊறிய நீர் உள்ளே சரியாகச் சேராத ரசாயனத்தோடு கலந்து கொப்புளமாகிறது. பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, இதனால் படகு மூழ்கியது என்பது மிக அரிது. கொப்புளம் கொஞ்சம் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் எபாக்சி நிரப்புங்கள். அடி முழுக்க என்றால் மேல்பூச்சை உரித்து, மாதக்கணக்கில் உலர்த்தி, பல கோட் எபாக்சி அடிக்க வேண்டும். காய்வதற்கு முன் பூசினால் எல்லாம் வீண்.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் டிபிடி என்ற நச்சு கலந்த பூச்சைச் சிறு படகுகளுக்கு 1987-இல்தான் தடை செய்தார்கள். உங்கள் படகின் அடியடுக்கில் அது இன்னும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், தூசு தடுக்கும் முகக்கவசம் போடுங்கள், விழுந்த சுரண்டலைத் தரையில் விடாமல் திரட்டி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரியை நானே மாற்றிக்கொள்ளலாமா? எந்த வேலையை நானே செய்யக்கூடாது?
(வாசகர், போர்ட்ஸ்மவுத்)

பதில்: வயரிங் தெரிந்தவர் செய்யலாம், ஆனால் பழைய பேட்டரி இருந்த இடத்தில் புதியதை வைத்து இணைத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி தனக்குக் கொடுக்கப்படும் மின்சாரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பழைய எஞ்சினின் ஆல்டர்னேட்டர் ஓய்வே இல்லாமல் ஓடிச் சூடேறிக் கருகும். பேட்டரியின் காப்புச் சுற்று திடீரென்று தன்னைத் துண்டித்துக்கொண்டாலும் ஆல்டர்னேட்டர் கெடும். எஞ்சின் ஸ்டார்ட் செய்யப் பழைய ஈய பேட்டரியையே வைத்துக்கொண்டு, அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், இறுக்கிக் கிரிம்ப் செய்த முனை, பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ், இவற்றில் சமரசம் வேண்டாம். வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.

நீங்களே தொடக்கூடாதது சமையல் கேஸ். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து வெளியேறாது, படகின் அடிப்பள்ளத்தில் தங்கும், ஒரு பொறி போதும். படகு கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவரை அழையுங்கள். கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் லித்தியத்துக்கு முன் அதை வாங்கி மாட்டுங்கள்.