உதவி கேட்டலும் ஒரு கல்வியே

கல்லூரியில் நாம் கற்கும் கலைகள் பல. எனினும், இடர் நேர்ந்தவிடத்துப் பிறரை உதவிக்கு அழைக்கும் முறையை நம்மிற் பலர் கற்றிலேம். யான் அதனைக் கற்க நேர்ந்தது எங்கள் வீட்டு அடுக்களையிலாகும்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், திருச்செந்தூரிலுள்ள எங்கள் இல்லத்தில், பாட்டியாருக்குத் துணையாகச் சோறு வடிக்கப் புகுந்தேன். வடிதட்டு நழுவிற்று, கொதிகஞ்சி முன்கையிற் கொட்டிற்று. பாட்டியார் புறவாசலில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருப்பின் ஓடி வந்திருப்பார். 'இதுகூடத் தெரியாதா?' என்பாரோ என நாணி, வாய் திறவாது, பற்பசையை அள்ளிப் பூசி, முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டேன். இரவில் கொப்புளம் உடைந்து துணி புண்ணோடு ஒட்டியது. மறுநாள் மருத்துவர் அப்பசையை நீக்கியபோது பட்ட வேதனை, சுட்டபோது பட்டதினும் பெரிது.

அவர் கற்பித்தது இது: சுட்ட இடத்தைக் குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுக. வீக்கம் தோன்றுமுன் மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றுக. பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு ஆகியவை ஆகா. தூய துணியால் தளர மூடி, மருத்துவரிடம் செல்க.

புண் ஆறிவரும் நாளில், முன்னாளில் சங்கு குளித்த வீரபாண்டியன்பட்டினத்து முதியவர் ஒருவர் என் கையைக் கண்டு, நடந்ததை வினவினார். கேட்டபின், "மூச்சு முட்டுன பொறவு கயித்தைத் தேடக் கூடாது, தம்பி" என்றார்.

அவர் கருத்து எளிது. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அக்காலத்துக் குளியாளி கல்லின் பாரத்தால் கடலடி சேர்ந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவான். தோணியில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழிருந்து அசைத்ததும் மேலே இழுப்பான். இறங்குமுன்னரே துணை அமைந்தது, பொறுப்பு ஒருவனுடையது, அடையாளமோ ஐயத்திற்கு இடமற்றது. கயிறசைத்த குளியாளியைக் கோழையென்பார் எவருமிலர்.

பொறுப்பு ஒருவர்மேல் நிற்பதன் பயனை 1968-ஆம் ஆண்டில் டார்லி, லத்தானே என்னும் அமெரிக்க உளநூலார் ஆராய்ந்து வெளியிட்டனர். வலிப்புற்றாற் போன்றதொரு குரலை மாணவர் கேட்குமாறு செய்தனர். தாமொருவரே கேட்பதாக எண்ணியவருள் நூற்றுக்கு 85 பேர் அக்குரல் ஓயுமுன் உதவ எழுந்தனர். வேறு நால்வரும் கேட்பதாக எண்ணியவருள் 31 பேரே எழுந்தனர். பலர் சூழ இருப்பது மட்டும் துணையாகாது என்பது இதனாற் புலனாம்.

ஆதலின், நண்பர்காள், இடர் நேரின் பொதுப்படக் கூவாது, ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். நேர்ந்தது யாது, இடம் யாது, வேண்டுவது யாது என்னும் மூன்றையும் தெளியச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுமுதல் இயங்கிவரும் 108 அவசர ஊர்திக்கு அழைப்பினும் முறை இதுவே. வீட்டிலுள்ள சிறுவர்க்கும் இதனைப் பயிற்றுங்கள். அவர் கைதவறிச் செய்த பிழையைச் சினவாது கேட்கவும் பழகுங்கள். சினத்திற்கு அஞ்சும் பிள்ளை புண்ணை மறைக்கும்.

என் முன்கையில் தழும்பு இன்னும் உளது. அன்று பாட்டியார் என்னைக் கடிந்தது ஒன்றற்கே: "ஏன் என்னைக் கூப்பிடலை?"