மூலிகைச் சாறும் புற்றுநோய் ஆய்வும்

கேள்வி: ஒரு மூலிகைச் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை அழித்தது என்று செய்தி வந்தால், அதை மருந்தாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது, அது நெடும்பயணத்தின் முதற்படி மட்டுமே. இலையையோ வேரையோ உலர்த்திப் பொடித்து, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடித்தெடுத்த சாறு, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மீது வெவ்வேறு செறிவுகளில் இடப்படுகிறது. பின்னர் எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறச் சேர்மத்தைச் சேர்க்கும்போது, உயிருள்ள செல்கள் அதை ஊதாப் படிகங்களாக மாற்றுவதால், ஊதா நிறம் மங்கிய குழிகளில் உயிருள்ள செல்கள் குறைந்துவிட்டன என்று அறியப்படுகிறது. இந்த நிற அளவீட்டைப் பாதியாகக் குறைக்கும் செறிவு ஐ.சி.50 எனப்படும், அது எவ்வளவு குறைவோ, சாற்றின் வீரியம் அவ்வளவு கூடுதல்.

ஆயினும் தட்டிலுள்ள செல்லைக் கொல்வது அரிதன்று. நலமான செல்லைக் காத்துப் புற்றுச் செல்லைத் தாக்குவதே அரிது என்பதால், நலமான செல்களிலும் விலங்குகளிலும் இறுதியாக மனிதரிலும் சோதனை தொடர வேண்டும். எடுத்துக்காட்டாக, சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாக வழங்கிவந்த நித்தியகல்யாணிச் செடியைக் கனடாவில் ஆராய்ந்த ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், அதன் சாறு எலிகளின் சர்க்கரையைக் குறைக்காமல் வெள்ளணுக்களைக் குறைத்ததைக் கண்டு, அதற்குக் காரணமான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தனர். இன்று புற்றுநோய் மருத்துவத்தில் துல்லியமான அளவில் சிரைவழி செலுத்தப்படும் அம்மருந்தின் தாய்ச்செடியே, அரைத்துக் குடித்தால் நஞ்சாகும். ஆகவே, இத்தகைய செய்தியை நம்பி நடைபெறும் சிகிச்சையை எவரும் கைவிடலாகாது.